பீரோவில் கசங்கிப்போன பழைய லெதர் ஜாக்கெட்டை நிமிர்த்துவது எப்படி?

புதுச்சேரி வெக்கையில் லெதர் ஜாக்கெட்டை எவன் போடுவான் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஜாக்கெட்டுகள் இங்கே இருக்கின்றன. என் மாமா ஒரு 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பழுப்பு நிற ஜாக்கெட் ஒன்று, நாலாக மடித்து, பாலித்தீன் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தது. மேலே ஏழெட்டுப் பட்டுப்புடவை வேறு. வெளியே எடுத்தபோது முதுகில் கூட்டல் குறி போட்ட மாதிரி மடிப்பு, காலர் ஒரு பக்கம் சாய்ந்து அப்பளம் போல அலை அலையாக. சண்டே மார்க்கெட்டில் பழைய துணிக் குவியலில் இருந்து ஜாக்கெட் எடுத்தவர்களுக்கும் இதே பாடுதான். மாமாவின் ஜாக்கெட்டை நிமிர்த்த எனக்கு ஒரு வாரம் ஆனது. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம்

தோலுக்கு ஈரமும் சூடும் ஒன்றாகச் சேரக் கூடாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி விபத்து நடக்காது.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். ஈரமாக இருக்கும்போது ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அந்த நார்கள் சட்டென்று சுருண்டுவிடும். கறித்துண்டு குழம்பில் போட்டதும் சுருங்குகிறதே, அதே சங்கதிதான். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோல் ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரி செல்சியஸில் சுருங்கத் தொடங்கும். குரோமியம் உப்பில் பதனிட்டது 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். பழைய தோல் இதைவிடக் குறைந்த சூட்டிலேயே போய்விடலாம். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்தாலும் அதன் அடித்தட்டு 100 டிகிரியைத் தொட்டுவிடும். கணக்கு புரிகிறதா? அப்படிச் சுருங்கியதை யாராலும் மீட்க முடியாது.

நானே ஒருமுறை அனுபவித்ததுதான். முன்பு வைத்திருந்த ஒரு மெல்லிய கறுப்பு ஜாக்கெட்டைத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்தேன். கரிப்பெட்டி, தண்ணீர் தெளிப்பு, அழுத்தித் தேய்ப்பு. இடது கை இரண்டு அங்குலம் குட்டையாகத் திரும்பி வந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கொடுத்தவன் நான்.

1. இது தோல்தானா என்று பாருங்கள்

உள்ளே லைனிங் பிரிந்திருக்கும் இடத்திலோ, பாக்கெட் ஓரத்திலோ பின்பக்கத்தைப் பாருங்கள். நார் நாராக, சற்றே பஞ்சு போல இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின் வகை. பழசானால் அது நம் ஊர்க் காற்றில் உரிய ஆரம்பிக்கும், அதை நிமிர்த்த முயல வேண்டாம். அடுத்து, கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் மேலே பூச்சு உள்ள தோல், கொஞ்சம் தைரியமாக வேலை செய்யலாம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல்; அதற்குத் தண்ணீரும் கறை, எண்ணெயும் கறை.

தொட்டால் கையில் செம்பழுப்புப் பொடி ஒட்டுகிறதா? அப்படியென்றால் நாரே சிதைந்துகொண்டிருக்கிறது. இதற்கு மேல் படிக்க வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

2. பூசணத்தைத் துடைக்க

பெட்டியில் இருந்து வந்த ஜாக்கெட்டில் வெள்ளைப் பூசணம் இருப்பது சகஜம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மொட்டை மாடியில், மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் செய்தால் அந்தத் தூள் அடுத்த துணிக்குப் போய்ச் சேரும். அப்புறம் பிழிந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு, நிழலில் ஒரு நாள் உலர்த்தல். நேர் வெயிலில் போடாதீர்கள், விறைத்து வெளுத்துவிடும். பாக்கெட்டுகளைத் துழாவ மறக்க வேண்டாம். எனக்குக் கிடைத்தது ஒரு மெட்ரோ டிக்கெட்டும் ஒரு பிராங்க் நாணயமும்.

3. தொங்கவிடுதல்

உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது, பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான்.

தோள் பகுதி அகலமாக உள்ள மர ஹேங்கர் வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் ஹேங்கரின் இரண்டு முனையிலும் பழைய டர்க்கித் துண்டைச் சுற்றி, நூலால் கட்டிக்கொள்ளுங்கள். ஒல்லியான ஹேங்கர் தோளில் புதிதாக ஒரு புடைப்பை உண்டாக்கும். ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றுங்கள். கைகளுக்குள் பழைய லுங்கியை உருட்டி நுழைத்து, மடிப்புகள் இழுபடும் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை லைனிங்கில் ஏறும். காலரை எப்படி நிற்க வேண்டுமோ அப்படி மடித்து, உள்ளே ஒரு துணிச்சுருள் வையுங்கள்.

இப்போது வீட்டுக்குள் காற்றோட்டமான நிழலில் மூன்று நாள் தொங்கட்டும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் மாட்டி வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது வறண்ட ஊர்க்காரர்களுக்கான யோசனை. நமக்குக் கடற்காற்றே அந்த ஈரத்தைக் கொடுக்கிறது. மடிப்பு விழுந்த நார்கள் காற்றின் ஈரத்தை மெதுவாக வாங்கி இளகும், ஜாக்கெட்டின் சொந்த எடை அவற்றைக் கீழே இழுக்கும். காலையும் மாலையும் உள்ளங்கையால் மடிப்பின் மேல் நடுவிலிருந்து வெளியே தடவிவிடுங்கள். உள்ளங்கைச் சூடு போதும். மூன்றாம் நாள் மாமாவின் ஜாக்கெட்டில் முதுகுக் கூட்டல் குறி பாதிக்கு மேல் மறைந்துவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மடிப்பு போகும், பூசணம் வரும். தை, மாசிதான் சரியான நேரம்.

மூன்று நாளுக்குப் பிறகும் பிடிவாதமாக நிற்கும் மடிப்புக்கு மட்டும் ஆவி கொடுக்கலாம். கீஸர் தேவையில்லை. குளியலறையில் ஒரு வாளி வெந்நீர், கதவைச் சாத்தி, ஜாக்கெட்டை வாளிக்கு நேர் மேலே இல்லாமல் கதவுக் கொக்கியில் மாட்டி, பதினைந்து நிமிஷம். மேலே நீர்த்துளி நிற்கக் கூடாது. எடுத்ததும் கையால் இழுத்துத் தடவி, மறுபடி ஒரு நாள் முழுக்க நிழலில் தொங்கவிடுங்கள். ஹேர் டிரையரைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம்.

4. இஸ்திரி (முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்)

எனக்குக் காலருக்கு மட்டும் தேவைப்பட்டது. ஜாக்கெட் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், இதில் சமரசமே இல்லை. பெட்டியை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வையுங்கள். ஆவி வரும் பெட்டி என்றால் ஆவியை நிறுத்திவிடுங்கள். இரண்டாக மடித்த பழைய வெள்ளை வேட்டியை ஜாக்கெட் மேல் விரித்து, அழுத்தாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். நாலைந்து நொடிக்கு ஒருமுறை வேட்டியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் தோலும் பொறுக்காது. சூடு ஆறும்வரை அந்த இடத்தைக் கையால் தட்டையாகப் பிடித்திருங்கள், அப்போதுதான் வடிவம் நிற்கும்.

சூயீடு போன்ற மயிர்ப்பரப்புத் தோலுக்கு இந்தப் படியும் வேண்டாம், அடுத்த படியும் வேண்டாம்.

5. கிரீம்

"தேங்காய் எண்ணெய் தடவுடா, செருப்புக்குத் தடவுறதில்லையா" என்றார் அத்தை. செருப்பு வேறு, ஜாக்கெட் வேறு அத்தை. எண்ணெய் உள்ளே இறங்கித் திட்டுத் திட்டாகக் கறுக்கும், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், லைனிங்கிலும் கசியும். செருப்புக் கடையில் நிறமில்லாத லெதர் கிரீம் கேளுங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஒரு கைக்குப் போதும். துணியில் எடுத்து, மறைவான இடத்தில் சோதித்து, மெல்லிசாகத் தேய்த்து, இரவு விட்டுக் காலையில் துடைத்தெடுங்கள். அதிகம் போட்டால் தோல் தளர்ந்து தொங்கும்.

எல்லாம் முடிந்தும் முழங்கை மடிப்பு அப்படியே இருந்தது. அது பெட்டி போட்ட மடிப்பு இல்லை, மாமாவின் கை போட்டது. அதை நான் தொடவில்லை.

6. திரும்ப வைக்கும்போது

மடிக்காதீர்கள், அகல ஹேங்கரிலேயே மாட்டுங்கள். பாலித்தீன் உறைக்குப் பதில் பழைய தலையணை உறையின் மூடிய பக்கத்தில் ஓட்டை போட்டு மேலே மாட்டிவிடலாம். அந்துருண்டை வைத்தால் தோலில் படாமல் துணி முடிச்சில் தொங்கவிடுங்கள். இரும்பு பீரோவாக இருந்தால் மழைபட்டு ஓதம் ஏறும் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் பீரோ அடியில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் ஒரு மணி நேரம் பீரோ கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டுவிடுங்கள்.