ஓப்பன் ஹவுஸ் வைக்கிறீர்களா? 'தண்ணி'யில் தண்ணி கலக்காதீர்கள்

போன தீபாவளிக்கு இங்கே சிங்கப்பூரில் அக்கா மகன், அரசு கட்டித் தரும் தன் புது பிடிஓ வீட்டில் முதல் ஓப்பன் ஹவுஸ் (பண்டிகைக்கு உறவையும் நட்பையும் வீட்டுக்குக் கூப்பிடும் விருந்து) வைத்தான். நாற்பது பேருக்கு அழைப்பு. "மாமா, நீங்க சும்மா வந்து உட்காருங்க, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றான். சரி என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்திருப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. 2006-இல் ஈசூன் வட்டாரத்து வீட்டில் நான் வைத்த முதல் விருந்தில் என்னென்ன கூத்து அடித்தேனோ, அதையெல்லாம் வரிசைகூட மாறாமல் அவன் செய்துகொண்டிருந்தான். நடுவில் எழுந்து போய்ச் சொன்னால் புது மனைவி முன்னால் பையனுக்கு முகம் சுருங்கிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாற்காலி போதுமா பாருங்கள், முறுக்கைக் கூடுதலாக வாங்குங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பேர் பெரிய காக்டெயில்

பையன் தேர்ந்தெடுத்தது சிங்கப்பூர் ஸ்லிங். நம் ஊர்ப் பானம், ரஃபிள்ஸ் ஹோட்டலில் ஞியம் டோங் பூன் கலந்தது, நூறு வருடத்துக்கு மேலான பேர். எல்லாம் சரி. அதில் என்ன போகிறது என்று எண்ணிப் பாருங்கள்: ஜின், செர்ரி மது, குவாந்த்ரோ, பெனடிக்டின், கிரெனடின், எலுமிச்சைச் சாறு, அன்னாசிச் சாறு, ஒரு சொட்டு அங்கோஸ்டுரா. மொத்தம் எட்டு. கிளாஸுக்கு 120 மில்லி அன்னாசிச் சாறு என்றால் நாற்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு கிளாஸ் கணக்கில் ஒன்பதரை லிட்டர். தவிர, அதன் அழகே மேலே நிற்கும் நுரைதான். அந்த நுரை ஷேக்கரில் போட்டுக் குலுக்கினால்தான் வரும். அண்டாவில் ஊற்றிக் கரண்டியால் கிண்டினால் வராது.

வீட்டு விருந்துக்கு மூன்று பொருள் போதும், அதிகம் போனால் நான்கு. என் வீட்டில் வருடாவருடம் ஓடுவது கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையின் சாறு, குலா மலாக்கா (பனைவெல்லம் மாதிரி) பாகு, சோடா. வேண்டியவர்களுக்கு அதில் ஜின் அல்லது ரம். இஞ்சி தட்டிப் போட்டால் மழை நாளுக்குப் பொருத்தம். தீபாவளி சமயத்தில் சாயங்கால மழைக்கு இங்கே குறைச்சல் இல்லையே.

வெதுவெதுப்பான ஜூஸ் மேல் ஐஸ்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடமாகியும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

பையன் அன்னாசி ஜூஸ் டின்களை வெள்ளிக்கிழமை வாங்கி, அடுப்பங்கரை மேடையில் அழகாக அடுக்கி வைத்திருந்தான். ஜின் பாட்டில்கள் ஹாலில், பார்வைக்கு. குளிர்பெட்டி முழுக்க மட்டனும் தயிரும் லேயர் கேக்கும். ஆறு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டினான். ஆறு லிட்டர் இருக்கும். மேலே பெட்ரோல் நிலையத்தில் வாங்கி வந்த இரண்டு பை ஐஸ். "ஜில்லுன்னு இருக்கு பாருங்க மாமா" என்று முதல் கிளாஸை எனக்குத்தான் கொடுத்தான். முதல் கிளாஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

பள்ளிக்கூட அறிவியலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு கிராம் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி குறைக்க அதிலிருந்து ஒரு கலோரியை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரியை இழுத்துக்கொள்ளும். நம் வீட்டு ஹாலில் 30 டிகிரி. ஆறு லிட்டரை 30-இலிருந்து 5 டிகிரிக்கு இறக்க ஒன்றரை லட்சம் கலோரி போக வேண்டும். அதற்கு உருகும் ஐஸ் ஒன்றே முக்கால் கிலோ. உருகிய ஐஸ் எங்கே போகும்? பாத்திரத்துக்குள்தான். ஆறு லிட்டர் பஞ்ச் (இப்படிப் பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கலக்கும் பானம்) ஏழே முக்கால் லிட்டர் ஆகிவிடும், ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே. ஏழரை மணிக்கு வந்தவர்கள் குடித்தது அதைத்தான்.

அடுத்து அவன் செய்ததுதான் எல்லாரும் செய்வது. "என்ன மாமா, ஸ்ட்ராங்கா இல்லையாம்" என்று மூன்றாவது பாட்டிலைத் திறந்து ஊற்றினான்.

ஜினை மட்டும் கணக்குப் பார்ப்போம்: 700 மில்லி பாட்டில், 40 சதவீதம். முதலில் இரண்டு பாட்டில் ஊற்றியபோது பஞ்சில் ஆல்கஹால் ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேல். ஐஸ் உருகியபின் ஏழு சொச்சம். மூன்றாவது பாட்டில் போனதும் கிட்டத்தட்ட பத்து. அதாவது ஆரம்பத்தில் கலந்ததைவிடக் கூடுதல், பீரைப்போல இரண்டு பங்கு. ஆனால் புளிப்பும் இனிப்பும் நீர்த்துப்போய்விட்டதால் வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. சப்பென்று இருப்பதை யாரும் நிதானமாகக் குடிப்பதில்லை. மடமடவென்று இரண்டு கிளாஸ் போன பிறகுதான் தெரியும். அன்றைக்கு ராத்திரி அவனுடைய அலுவலக நண்பர் ஒருவர் ஷூ அலமாரியிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (டாலர்) வரி. அந்தப் பாட்டிலில் இருப்பது 280 மில்லி. வரி மட்டுமே 24 வெள்ளி 64 காசு, ஜிஎஸ்டி தனி. அப்படி வாங்கிய சரக்கு, கடைசியில் மூன்று லிட்டருக்கு மேல் தொட்டியில் போயிற்று. ராத்திரி பதினொன்றரைக்கு அதைக் கவிழ்த்துக் கொட்டியது நான்தான்.

என் கதை இதைவிட மோசம். 2006-இல் நான் கலந்தது பாண்டோங். ரோஸ் சிரப், டின் பால், மேலே மலைபோல் ஐஸ். எட்டு மணிக்கு அது சலவை வாளித் தண்ணீர் மாதிரி வெளிறிப்போய் நின்றது. எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, கப்பைக் கீழே வைக்காமல் ரொம்பப் பரிவாக, "சிரப் போட மறந்துட்டியா?" என்று கேட்டார். அவர் வீட்டு ஹரிராயா (நோன்புப் பெருநாள்) பாண்டோங்கைக் குடித்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

என்ன செய்ய வேண்டும்? குளிரவைக்கும் வேலையை ஐஸிடம் விடாதீர்கள், குளிர்பெட்டியிடம் விடுங்கள். ஜூஸ், பாகு, சோடா எல்லாம் முந்தின ராத்திரியே உள்ளே போகட்டும். காலையில் வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். விருந்து நாளில் அந்தக் கதவை நிமிடத்துக்கு ஒருவர் திறப்பார். ஜின், ரம் பாட்டில்களை மேல்தட்டு உறைபெட்டியிலேயே படுக்க வைக்கலாம், உறையாது. பீரை அங்கே வைத்து மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கும். அனுபவம்.

இடம் இல்லையா? குளியலறை வாளியைக் கழுவுங்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. அதில் டின்களை முக்கினால் அரைமணி நேரத்துக்குள் ஜில்லென்று ஆகும். வெறும் ஐஸில் புதைத்தால் அங்கங்கே காற்று இடைவெளி நிற்கும், நேரம் பிடிக்கும். தண்ணீர்தான் டின்னைச் சுற்றி முழுவதும் ஒட்டும். இந்த ஐஸ் வாளிக்கு மட்டும், கிளாஸுக்குப் போகக் கூடாது. கிளாஸுக்கான ஐஸ் தனிப் பை, தனிப் பெட்டி.

பஞ்ச் பாத்திரத்துக்குள் போடுவது ஒரே பெரிய கட்டியாக இருக்கட்டும். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் முன்பே உறையவையுங்கள். ஒரு கிலோ ஐஸ் ஒரே கட்டியாக இருப்பதற்கும் நாற்பது துண்டாக இருப்பதற்கும் வெளிப்பரப்பில் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். பரப்பு குறைந்தால் உருகுவதும் மெதுவாகும். கட்டிக்குள் நாலு கலமான்சி வட்டமும் பாண்டான் இலை முடிச்சும் போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும். மூடி போட்டு உறையவைக்க மறக்காதீர்கள். ஒரு வருடம் திறந்து வைத்ததில் என் ஐஸ் முழுக்க நெத்திலி வாசம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், இதைத் தவிர்க்கக் காசு செலவில்லை, திறமை வேண்டாம். முந்தின ராத்திரி பத்து நிமிடம் போதும். ஆனாலும் புது வீடு புகுந்த ஒவ்வொரு தம்பியும் ஜூஸை மேடையில் அடுக்குகிறான்.

சோடா

கடைசியில், கிளாஸில். பாத்திரத்தில் ஊற்றாதீர்கள்.

எல்லாருக்கும் ஒரே பாத்திரம்

பஞ்ச் என்ற சொல்லே நம் பக்கத்து 'பஞ்ச'விலிருந்து, ஐந்து பொருள் சேர்ந்ததால் வந்தது என்பார்கள். அதற்காக மதுவையும் பாத்திரத்திலேயே கலந்தாக வேண்டும் என்று இல்லை. நான் பல வருடமாக மது இல்லாத அடிப்பானத்தை மட்டும் பெரிய பாத்திரத்தில் வைக்கிறேன். ஜின், ரம் பாட்டில்கள் வேறு மேசையில், 45 மில்லி அளவுக் கோப்பையோடு. வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்ளட்டும்.

இதில் பல தலைவலி ஒன்றாகத் தீர்கிறது. முஸ்லிம் நண்பர்கள் எந்தக் கரண்டி எதில் போனது என்று சங்கடப்பட வேண்டாம். மது மேசை சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளியே இருக்கட்டும், முடிந்தால் வேறு அறையில். அவர்களுக்கான உணவு ஹலால் கடையிலிருந்து, திறக்காத பெட்டியோடு, காகிதத் தட்டில். சொல்லிவிட்டே வையுங்கள், கேட்கும் நிலைமைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள்.

அப்புறம், குடிக்காத அத்தைகளும் சித்திகளும். ஒவ்வொரு விருந்திலும் அவர்கள் கைக்குக் கிடைப்பது பாக்கெட் கிரிசாந்திமம் டீ. மற்றவர்கள் கையில் இலை செருகிய கண்ணாடிக் கிளாஸ். அடிப்பானம் ஒன்றே என்றால் எல்லார் கையிலும் ஒரே கிளாஸ். அதில் ஓர் அசாம்பொய் (உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம்) போட்டுக் கொடுத்துப் பாருங்கள், என் சின்ன அத்தை மூன்று கிளாஸ் கேட்டார்.

காரோட்டி வந்தவர்களும் அந்தப் பாத்திரத்துக்கே வரட்டும். இங்கே வரம்பு 100 மில்லி மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம். கிண்டிக் கிண்டி ஊற்றிய பஞ்சில் தான் குடித்தது எவ்வளவு என்று யாருக்கும் கணக்குச் சொல்ல வராது.

அடுப்படியிலேயே நிற்பது

பையனின் மனைவி ஒன்பது மணிவரை வடை சுட்டுக்கொண்டிருந்தாள். புடவை புதுசு, ஒரு படத்தில்கூட அவள் இல்லை. எண்ணெயில் சுடச்சுடப் போடுவது ஒரே ஒரு பண்டமாக இருக்கட்டும், அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்கு. கறிபஃப் கடையில் வாங்குங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. மட்டன் பிரட்டல் முந்தின நாளே செய்யலாம், மறுநாள்தான் அதற்கு ருசியே. ஆனால் பெரிய சட்டியோடு ராத்திரி முழுக்க அடுப்பு மேல் விடாதீர்கள். அகலமான பாத்திரங்களில் பிரித்து, ஆறியதும் குளிர்பெட்டிக்குள்.

கேட்டரிங் எடுத்தால் உணவோடு ஒரு நேரச் சீட்டு வரும், சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரக் கணக்கு. பலர் அதைக் கிழித்து எறிந்துவிட்டு மதியச் சாப்பாட்டை ராத்திரி வருபவர்களுக்கும் போடுகிறார்கள். ஓப்பன் ஹவுஸ் நாள் முழுக்க நடப்பது என்றால் இரண்டு முறை வரவழையுங்கள்.

முறுக்கு

தட்டில் குவித்து மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். மழைக் காற்றில் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகும். டின்னிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

பத்தரை மணி

ராத்திரி 10.30-க்கு மேல் காலை 7 வரை கடையில் மது விற்க மாட்டார்கள். 2015-இலிருந்து இதுதான் சட்டம், ஆனாலும் 10.25-க்கு யாராவது ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடுகிறார். அதே நேரத்தில் பொது இடத்தில் குடிக்கவும் தடை. புளோக் கீழ்த்தளமும் பொது இடம்தான். "கீழே போய்க் காத்தாட நிக்கிறோம்" என்று கேனோடு கிளம்புபவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் விடுமுறை நாளில் இன்னும் கெடுபிடி.

கலமான்சி

அன்றே பிழியுங்கள். தோலை ஊறப்போட்டால் கசக்கும்.

கப்

எல்லாம் ஒரே வெள்ளை நிறத்தில் வாங்காதீர்கள். தன்னுடையது எது என்று தெரியாமல் ஆளுக்கு ஐந்து கப் போகும்.

மிச்சம்

மது கலக்காத அடிப்பானம் மிஞ்சினால் கொட்ட வேண்டாம், சோடா சேராததுதானே. ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி உறையவையுங்கள். அடுத்த சனிக்கிழமை வராமல் போனவர்கள் வருவார்கள், இங்கே ஓப்பன் ஹவுஸ் ஒரு நாளோடு எங்கே முடிகிறது? அந்தக் கட்டியையே பாத்திரத்தில் போட்டால் அது உருகினாலும் உருகுவது பானம்தான். பையனிடம் இதை மட்டும் அன்று ராத்திரி சொன்னேன். ஆனால் அவன் பாத்திரத்தில் மிஞ்சியிருந்ததில் ஜின் இருந்தது, சோடாவும் இருந்தது.