ஐ.க்யூ. 62 என்று தாள் வந்தால் வீட்டில் என்ன செய்வது

என் தம்பிக்கு 14 வயதில் ஐ.க்யூ., அதாவது அறிவுத்திறன் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்தார்கள். தாளில் 62 என்று இருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "35 எடுத்தாலே பாஸ்தான, பெறகென்ன?" என்றார். விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பியதும் அம்மா அந்தத் தாளை பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். இப்போது தம்பிக்கு 36. இந்த 22 வருஷத்தில் நான் படித்துக்கொண்டதை, அதே மாதிரித் தாளோடு நிற்கிற வீடுகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். அது நூற்றுக்கு எடுத்த மார்க் இல்லை. ஒரே வயதுக்காரர்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 100. மூன்றில் இரண்டு பேர் 85க்கும் 115க்கும் இடையில் வந்துவிடுவார்கள். 70க்குக் கீழே வருவது நூற்றுக்கு இரண்டு பேர்தான். 62 என்றால் அச்சாக 62 என்றும் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஐந்து புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலா, காது சரியாகக் கேட்கிறதா, கண்ணாடி தேவையா, தைராய்டு பார்த்தாயிற்றா, வலிப்பு மாத்திரையில் தூங்கி வழிந்தானா, கேள்வி அவனுக்குப் புரிகிற தமிழில் இருந்ததா என்று கேளுங்கள். இதில் ஒன்று பிசகினாலும் எண் இறங்கியிருக்கலாம்.

எண் மட்டும் வைத்து அறிவுசார் குறைபாடு என்று முடிவு செய்ய முடியாது. அன்றாடக் காரியங்களில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்றும் பார்க்க வேண்டும். நம் ஊரில் அதற்கு வைன்லாந்து என்கிற அளவுகோலை வைத்து அம்மாவிடம் கேட்பார்கள்: தானே குளிப்பானா, கடைக்குப் போவானா, தனியாக வெளியூர் போவானா என்று. இங்கேதான் என் அம்மா தவறு செய்தாள். வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் "செய்வான்" என்று சொல்லிவிட்டாள். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். சொல்லாமலே செய்வது, பக்கத்தில் நின்று சொன்னால் செய்வது, நாம் செய்துவிடுவது என்று ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு ஒரு வாரம் எழுதி, அதைக் கையோடு கொண்டுபோங்கள். ஊனச் சான்றிதழில் 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். அந்தச் சதவீதம் இந்தப் பதில்களை வைத்துத்தான் வருகிறது.

சரி, 62 வீட்டுக்குள் எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரிந்தது மளிகைக் கடையில். "தேங்கா ஒண்ணு, பச்ச மொளகா பத்து ரூவாய்க்கு, வரும்போது மில்லுல மாவு அரைச்சாச்சான்னு கேட்டுட்டு வா" என்று அம்மா அனுப்புவாள். தேங்காய் மட்டும் வரும். "கூறுகெட்டவனே" என்று ஏச்சு விழும். அவன் சோம்பேறி இல்லை. மூன்று சேதியை ஒரே நேரத்தில் மனசில் பிடித்துக்கொள்ள அவனால் முடியாது, அவ்வளவுதான். ஒரு நேரத்துக்கு ஒரு வேலை. இரண்டு என்றால் சீட்டு எழுதி அண்ணாச்சி கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கை நான் எட்டு மாசம் சொல்லிக்கொடுத்தேன். கழித்தல் அவனுக்கு ஏறவே இல்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். சட்டைப்பையில் பத்து ரூபாய்த் தாள் மட்டும். கடைக்காரர் முப்பத்தேழு என்றால் காதில் முதலில் விழுவது முப்பது. மூன்று தாள் எண்ணி, மேலே இன்னொரு தாள் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். நாற்பத்திரண்டா, நாலும் ஒன்றும். மீதி தருவதைப் பைக்குள் போட்டு வீட்டில் வந்து காட்டுவான். இப்போது இந்தத் தெருவில் யாரும் துணைக்குப் போக வேண்டியதில்லை.

அப்பள வேலையும் அப்படித்தான் வந்தது. ஐம்பது எண்ணி அடுக்கச் சொன்னால் முப்பதுக்கு மேல் தடுமாறுவான். பத்துப் பத்தாக ஐந்து அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு புளியங்கொட்டை என்று காட்டினோம். ஐந்து கொட்டை சேர்ந்தால் கட்டு முடிந்தது. வெயிலில் காய வைப்பது, திருப்பிப் போடுவது எல்லாம் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டான். மெதுவாகப் பழகினாலும் பழகியதை மறக்க மாட்டான்.

அவன் "ஆமா" என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள். நம்மைத் திருப்திப்படுத்தத்தான் சொல்வான். டாக்டர் "வயிறு வலிக்கா?" என்றால் ஆமா, "நெஞ்சு வலிக்கா?" என்றாலும் ஆமா. "எங்க வலிக்கு, கைய வச்சுக் காட்டுய்யா" என்று கேட்க வேண்டும். இதே குணத்தால்தான் ஒருவர் கடன் பத்திரத்தில் அவனிடம் கையெழுத்து வாங்கப் பார்த்தார். கையெழுத்துக் கேட்டாலோ, போனில் நம்பர் கேட்டாலோ, "அக்காட்ட கேளுங்க" என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். அந்த ஒரே வாக்கியத்தை நூறு தடவை நடித்துப் பார்த்திருக்கிறோம்.

"ஒம்பது வயசுப் புத்தி" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. மீசை வைத்த ஆண்பிள்ளையைக் கன்னத்தைக் கிள்ளிப் பேசினால் அவனுக்குக் கோபம் வருகிறது, வரத்தான் செய்யும். டீக்கடையில் மற்ற ஆட்களோடு உட்கார அவனுக்கு ஆசை, உட்காரட்டும்.

18 வயது முடிந்தால் சட்டப்படி அவன் மேஜர்; அப்பா அம்மா தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். தேவைப்பட்டால், இப்படிப்பட்டவர்களுக்காக வந்த 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். நிராமயா காப்பீடும் அந்தச் சட்டத்தில் வந்த அறக்கட்டளையுடையதுதான். வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை வைத்தியச் செலவுக்குக் கிடைக்கும்.

பஸ்ஸைக் கடைசியாகப் பழக்குங்கள். சேரன்மகாதேவியில் சித்தி வீட்டுக்குப் போக, முதலில் பக்கத்து சீட்டில் நான். பிறகு பின் சீட்டில். பிறகு அவன் தனியாக ஏற, சித்தி அந்தப் பக்கம் ஸ்டாப்பில் நின்றாள். போர்டு படிக்கத் தெரியாவிட்டாலும் வழியில் வருகிற அடையாளங்களை வரிசையாகச் சொல்வான். தவறாக இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் வேண்டுமென்றே வீரவநல்லூரில் இறக்கிப் பழக்கினேன்: எங்கேயும் நடக்காதே, பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் பையில் இருக்கிற சீட்டைக் கொடு, அங்கேயே நில்லு. சீட்டில் என் போன் நம்பர் இருக்கும். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.