ஸோனாட்டிக் கேமுக்கு முதல் மேப் உருவாக்குவது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

பலர் இணைந்து விளையாடும் இலவசத் துப்பாக்கிச் சுடும் கேம்கள் பல உள்ளன. அவற்றுள் ஸோனாட்டிக்கின் சிறப்பு, அதன் மூலநிரல் முதல் சுவரில் பதிக்கும் படமான டெக்ஸ்சர் வரை அனைத்தும் திறந்த உரிமத்தில் கிடைப்பதாகும். விளையாடுவதற்குக் கட்டணம் இல்லை. கேமுக்குள் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆயுதமோ உடையோ இல்லை. கேம் உருவாக்கம் கற்க விரும்பும் ஒருவர் எந்த நிறுவனத்தின் அனுமதியும் பெறாமல் அதைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் தரலாம்.

இதன் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்வது கருவிகளைப் புரிந்துகொள்ள உதவும். 1996-இல் வெளியான குவேக் கேமின் மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1999 டிசம்பரில் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்த டார்க்பிளேசஸ் எஞ்சினை (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை) அடிப்படையாகக் கொண்டு 2005-இல் நெக்ஸூயிஸ் என்ற இலவச கேம் வந்தது. 2010-இல் அந்தப் பெயர் கன்சோல் பதிப்புக்காக இல்ஃபானிக் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டபோது, அதுவரை கேமை வளர்த்துவந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பிரிந்து ஸோனாட்டிக்கைத் தொடங்கினர். ஆகவே இங்கு நாம் பயன்படுத்தப்போகும் எடிட்டர், மேப் எனப்படும் ஆட்டக்களத்தின் கோப்பு, தொகுப்பு முறை ஆகிய அனைத்தும் குவேக் குடும்பத்தின் வழிவந்தவை. ஒருமுறை கற்றுக்கொண்டால் அந்தக் குடும்பத்தின் பிற கேம்களிலும் பயன்படும்.

கேமின் விதிகள் குவேக்-சி என்ற மொழியில் எழுதப்பட்டுள்ளன. ஆயினும் புதியவர் நிரலிலிருந்து தொடங்க வேண்டாம், மேப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு சுவரை நகர்த்தினால் ஆட்டம் எப்படி மாறுகிறது என்பதை அரை மணி நேரத்தில் நேரில் கண்டுவிடலாம். அதனால் இந்தச் செய்முறையில் அழகான மேப்பை அல்ல, ஒவ்வொருவரும் மற்ற அனைவரோடும் மோதும் டெத்மேட்ச் ஆட்டத்துக்கான, விளையாடத்தக்க ஒரு சிறிய மேப்பை மட்டுமே உருவாக்கப்போகிறோம்.

படி 1: தேவையானவற்றைத் தயார் செய்தல்

ஸோனாட்டிக்கின் அதிகாரபூர்வ இணையதளத்தில் கேம் ஜிப் கோப்பாகக் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் அதே கோப்புதான். தனியாக நிறுவ வேண்டியதில்லை, பிரித்து இயக்கினால் போதும். மேப் உருவாக்குவோருக்கான மேப்பிங் சப்போர்ட் தொகுப்பையும் தரவிறக்கி, கேம் இருக்கும் ஃபோல்டரிலேயே பிரித்து வையுங்கள். நாம் பயன்படுத்தும் எடிட்டரின் பெயர் நெட்ரேடியன்ட். முதல்முறை திறக்கும்போது எந்தக் கேமுக்காக வேலை செய்கிறீர்கள் என்று கேட்கும். ஸோனாட்டிக்கைத் தேர்ந்து, கேம் ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

எடிட்டரைத் தொடுவதற்கு முன் சில நாட்கள், கணினியே இயக்கும் பாட் வீரர்களுடன் விளையாடிப் பாருங்கள். வெறுமனே வெல்வதற்காக அல்ல. ஓடும்போது எந்த மூலையில் வேகம் குறைகிறது, எந்த மேடையிலிருந்து மற்றவர்களைச் சுட எளிதாக இருக்கிறது, எந்த அறைக்குள் நுழையத் தயங்குகிறீர்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அளவுகளை மனத்தில் இருத்துதல்

எடிட்டரில் மீட்டரோ அடியோ இல்லை, யூனிட் மட்டுமே உண்டு. ஸோனாட்டிக்கில் ஒரு வீரரின் உடல் 32 யூனிட் அகலமும் 69 யூனிட் உயரமும் கொண்ட ஒரு பெட்டியாகக் கணக்கிடப்படுகிறது. சாதாரண ஓட்டத்தில் அவர் விநாடிக்கு 360 யூனிட் கடக்கிறார். ஈர்ப்பு விசையின் மதிப்பு 800, குதிக்கும் வேகம் 260. பள்ளி இயற்பியலின்படி வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இரு மடங்கால் வகுத்தால் ஒரு குதியின் உயரம் ஏறத்தாழ 42 யூனிட் என்று கிடைக்கும்.

இந்த எண்கள் மேப்பின் எல்லா அளவுகளையும் தீர்மானிக்கின்றன. 32 யூனிட் உயரப் பெட்டியின்மீது யாரும் ஏறிவிடலாம். 128 யூனிட் உயர மேடையை வெறும் குதியால் எட்ட முடியாது, படிக்கட்டோ குதிபலகையோ வேண்டும். 1024 யூனிட் நீள அறையை வீரர் மூன்று விநாடிக்குள் கடந்துவிடுவார். காகிதத்தில் பெரிதாகத் தெரியும் அறை ஆட்டத்தில் அளவானதாகவே இருக்கும். வாசலோ இதற்கு நேர்மாறானது. 69 யூனிட் உயர வீரருக்கு 80 யூனிட் வாசல் போதும் என்று தோன்றும். ஆனால் குதித்துக்கொண்டே ஓடும் இந்தக் கேமில் அவர் ஒவ்வொரு முறையும் மேல்விளிம்பில் முட்டிக்கொள்வார். 128 அகலம், 160 உயரம் என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் அறை

எடிட்டரில் தரை, சுவர், கூரை ஆகியவை பிரஷ் எனப்படும் திண்மக் கட்டிகளால் ஆனவை. எண் விசைகள் கட்டத்தின் அளவை மாற்றும்; 5 அழுத்தினால் 16 யூனிட், 6 அழுத்தினால் 32 யூனிட். இந்த இரண்டுக்குள்ளேயே வேலை செய்யுங்கள். மேலிருந்து பார்க்கும் இரு பரிமாணச் சாளரத்தில் சுட்டியை இழுத்து 1024-க்கு 1024 அளவில் ஒரு சதுரம் வரையுங்கள். கன்ட்ரோலும் டேப்பும் சேர்த்து அழுத்தினால் பக்கவாட்டுப் பார்வை வரும். அதில் சதுரத்தின் விளிம்புக்கு வெளியே பிடித்து இழுத்து உயரத்தை 16 யூனிட் ஆக்கினால் தரை தயார். எஸ்கேப் விசை தேர்வை நீக்கும். ஷிப்டை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் மீண்டும் தேர்வாகும். ஸ்பேஸ் விசை அதே கட்டியை நகலெடுக்கும்.

இதே முறையில் நான்கு சுவர்களையும், தரைக்கு மேல் 320 யூனிட் உயரத்தில் ஒரு கூரையையும் அமையுங்கள். ஒரே கட்டியைக் குடைந்து அறையாக்கும் கட்டளையும் மெனுவில் உள்ளது. ஆனால் தொடக்கத்தில் ஆறு பக்கங்களையும் கையால் அமைப்பதே நல்லது, ஏனெனில் எந்தக் கட்டி எங்கே முடிகிறது என்பது பின்னர் வாசல் திறக்கும்போது தெளிவாகத் தெரியும்.

டெக்ஸ்சரைப் பொறுத்தவரை ஒரே ஒரு பழக்கம் போதும். முதலில் எல்லாக் கட்டிகளுக்கும் காமன் தொகுப்பில் உள்ள கால்க் என்ற டெக்ஸ்சரைப் பூசுங்கள். அது பூசிய பக்கத்தைக் கேம் வரைவதே இல்லை. பிறகு வீரர் கண்ணில் படும் பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து, தரைக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று எனச் சாதாரண டெக்ஸ்சர் கொடுங்கள்.

படி 4: விளக்கு, வீரர் தோன்றும் இடம், தொகுத்தல்

இரு பரிமாணச் சாளரத்தில் வலது சொடுக்கினால் என்டிட்டிகளின் (விளக்கு, ஆயுதம், வீரர் தோன்றும் இடம் போன்றவற்றின்) பட்டியல் வரும். லைட் என்பதைத் தேர்ந்து அறையின் நடுவில், கூரைக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அடுத்து இன்ஃபோ பிரிவில் பிளேயர் டெத்மேட்ச் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீரர் தோன்றும் இடம் இதுவே. அந்தப் பெட்டி தரைக்குள் புதையாமல் சற்று மேலே இருக்க வேண்டும். விசைப்பலகையின் N விசையை அழுத்தி வரும் பலகையில் அதன் திசையை அறையின் நடுவை நோக்கித் திருப்புங்கள். தோன்றியவுடன் சுவரைப் பார்த்து நிற்கும் வீரர், எதிரியைப் பார்க்கும் முன்னரே சுடப்பட்டுவிடுவார்.

கோப்பை உங்கள் பயனர் ஃபோல்டரில் உள்ள ஸோனாட்டிக் தரவுப் பகுதியின் மேப்ஸ் ஃபோல்டரில் சேமித்து, பில்ட் மெனுவுக்குச் செல்லுங்கள். வரைந்த மேப்பைக் கேம் திறக்கக்கூடிய கோப்பாக மாற்றுவதே தொகுத்தல். அதைச் செய்யும் கியூ3மேப்2 என்ற தொகுப்பி மூன்று கட்டமாக வேலை செய்கிறது. முதலில் மேப்பின் உள்ளிடத்தைத் துண்டுகளாகப் பிரிக்கிறது. அடுத்து எந்தத் துண்டிலிருந்து எது கண்ணுக்குத் தெரியும் என்று கணக்கிடுகிறது. இறுதியாக ஒளியும் நிழலும் எங்கே விழும் என்று கணக்கிட்டுப் பதிக்கிறது. மெனுவில் டெஸ்ட் என்று குறித்தவை விரைவானவை, ஃபைனல் என்று குறித்தவை நேரம் எடுப்பவை. உருவாக்கும் காலம் முழுவதும் டெஸ்ட் வகையே போதும்.

இங்குதான் பெரும்பாலான புதியவர்கள் தடுமாறுவார்கள். தொகுக்கும்போது லீக் என்ற செய்தி வந்தால், உங்கள் மேப்பில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். மேப் என்பது தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டும் வெளியேறாத தொட்டியாக இருக்க வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு யூனிட் பிளவு இருந்தாலும் பார்வைக் கணக்கீடு நின்றுவிடும். அப்போது எடிட்டர் மேப்பின் உள்ளே ஏதாவது ஓர் என்டிட்டியிலிருந்து வெளிவரை ஒரு கோடு வரைந்து காட்டும். முப்பரிமாணப் பார்வையில் அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து செல்லுங்கள். அது எந்த இடத்தில் சுவரைத் துளைத்து வெளியே போகிறதோ அங்கேதான் பிளவு. மேப் முழுவதையும் ஒரு பெரிய பெட்டிக்குள் அடைத்து லீக்கை மறைக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், செய்தி நின்றுவிடும், ஆனால் சுவர்களின் வெளிப்பக்கங்களும் தொகுப்பில் சேர்ந்து கேமின் வேகம் குறையும்.

தொகுத்து முடிந்ததும் கேமைத் திறந்து, மல்டிபிளேயர் மெனுவின் கிரியேட் பகுதியில் உங்கள் மேப்பைத் தேர்ந்து உள்ளே நடந்து பாருங்கள்.

படி 5: ஒரு அறையைக் களமாக மாற்றுதல்

இரண்டாவது அறை ஒன்றை 768 யூனிட் அளவில், 128 யூனிட் உயரம் கூடுதலான தரையுடன் அமையுங்கள். இரண்டையும் ஒரே வாசலால் இணைத்தால் அது சண்டைக்களம் ஆகாது. வாசலைக் குறிவைத்து நிற்பவரே எப்போதும் வெல்வார். ஆகவே குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும், அவற்றில் ஒன்று மற்றதைவிட மாறுபட்டதாக இருக்க வேண்டும். முதல் வழிக்கு 16 யூனிட் உயரப் படிகள் எட்டு வைத்து ஒரு நடைபாதை போடுங்கள். இரண்டாவது வழிக்குக் குதிபலகை வையுங்கள்.

குதிபலகைக்கு, தரையின்மீது ஒரு மெல்லிய கட்டி வரைந்து அதற்கு டிரிகர் டெக்ஸ்சரைப் பூசி, வலது சொடுக்குப் பட்டியலில் டிரிகர் புஷ் என்று மாற்றுங்கள். பிறகு டார்கெட் பொசிஷன் என்ற புள்ளியை மேல் தரைக்குச் சற்று மேலே வையுங்கள்; வீரர் சென்று சேர வேண்டிய இடம் அது. முதலில் பலகையையும் அடுத்துப் புள்ளியையும் தேர்ந்து கன்ட்ரோல், கே விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இரண்டும் இணைந்துவிடும். எவ்வளவு விசை தேவை என்பதைக் கேமே கணக்கிட்டுக்கொள்ளும். குதிபலகையில் செல்பவர் வேகமாக மேலே போவார், ஆனால் காற்றில் இருக்கும்போது அவர் பாதையை எதிரி எளிதாகக் கணிப்பார். படிக்கட்டில் செல்பவர் மெதுவாக வருவார், ஆனால் நின்று திரும்பலாம். இந்த இரண்டில் எதைத் தேர்வது என்று வீரரை யோசிக்க வைப்பதில்தான் மேப் உருவாக்குபவரின் வேலை தொடங்குகிறது.

வீரர் தோன்றும் இடங்களை எட்டாக உயர்த்தி, ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி பரப்பி வையுங்கள்.

படி 6: ஆயுதங்களும் மருந்துகளும்

ஒவ்வோர் ஆயுதமும் ஒரு வகை இடத்தை விரும்பும். வோர்டெக்ஸ் ஒரே சூட்டில் 80 புள்ளி சேதம் தரும். 100 புள்ளியுடன் தொடங்கும் வீரரை இரண்டு சூட்டில் வீழ்த்திவிடும். அதை நீண்ட பார்வை கிடைக்கும் மேல் அறையில் வைத்தால், எடுத்தவர் அங்கேயே நின்றுவிடுவார். ஆகவே அதைக் கீழ் அறையில் வைத்து, மேலே ஏறிவரக் கட்டாயப்படுத்துங்கள். வெடித்துப் பரவும் டெவாஸ்டேட்டரை மேல் அறையில் வைக்கலாம். மேலிருந்து தரையை நோக்கிச் சுடுவதற்கு ஏற்றது என்பதால் அதை எடுக்க எல்லாரும் மேலே வருவார்கள். மெகா ஹெல்த்தை இந்த இரண்டு ஆயுதங்களிலிருந்தும் விலக்கி, இரண்டு வழிகளும் தெரியும் திறந்த இடத்தில் வையுங்கள். மிகச் சிறந்த ஆயுதத்தையும் மிகச் சிறந்த மருந்தையும் அருகருகே வைக்கும் மேப்பில், முதலில் முன்னிலை பெற்றவரே கடைசிவரை முன்னிலையில் இருப்பார்.

படி 7: விளையாடிச் சோதித்தல்

பாட் வீரர்கள் வழி கண்டறிய வே-பாயின்ட் எனப்படும் குறிகள் தேவை. அவற்றை இடும் வசதி கேமுக்குள்ளேயே உள்ளது. குறி இடாத மேப்பில் பாட் ஒரு மூலையில் சுவரை முட்டிக்கொண்டு நின்றால் அது மேப்பின் குறை அல்ல. ஆனாலும் மனிதர்களுடன் ஆடும் சோதனைக்கு ஈடில்லை. வீட்டு வைஃபையில் இரண்டு கணினிகள் இருந்தால் போதும். ஒன்றில் ஆட்டத்தை உருவாக்கி, மற்றதிலிருந்து சர்வர் பட்டியல் வழியாக இணையலாம். இணைப்பு கிடைக்காவிட்டால் ஃபயர்வாலில் 26000 என்ற யுடிபி போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆடும் நண்பரிடம் மேப் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்த இடத்திற்கு அவர் ஒருமுறைகூடப் போகவில்லை என்று கேளுங்கள். யாரும் போகாத மூலையை நீக்குங்கள், அல்லது அங்கே போவதற்கு ஒரு காரணம் வையுங்கள். சுவருக்கு விளக்குப்பட்டை, தரைக்குக் கம்பிவலை போன்ற அலங்காரங்களை எல்லாம், வடிவம் மாறாது என்று உறுதியான பிறகே சேருங்கள். இல்லையேல் அழகாகச் செய்த சுவரை இடிக்க மனம் வராமல் பழுதான வடிவத்தையே வைத்துக்கொள்வீர்கள்.

படி 8: பிறருக்குத் தருதல்

ஃபைனல் வகையில் ஒருமுறை தொகுத்து, மேப்ஸ் ஃபோல்டரில் உருவான பி.எஸ்.பி கோப்பு, மேப்பின் பெயரும் ஆட்ட வகையும் அடங்கிய மேப்இன்ஃபோ கோப்பு, ஒரு முன்னோட்டப் படம் ஆகியவற்றை அதே ஃபோல்டர் அமைப்புடன் ஜிப் செய்து, பின்னொட்டைப் பி.கே.3 என மாற்றுங்கள். எடிட்டரில் திறக்கக்கூடிய மூல மேப் கோப்பையும் உடன் சேருங்கள். உங்கள் மேப்பைப் பிறரும் திறந்து கற்க அது வழி செய்யும். கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணைக் குறித்து, ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அதை மாற்றுங்கள். பழைய மேப்பின் பெயரிலேயே புதியதை வெளியிட்டால், சர்வரில் ஒரு பதிப்பும் வீரரின் கணினியில் வேறொரு பதிப்புமாக இருந்து ஆட்டத்தில் குழப்பம் வரும்.