மாத்திரை, மனம், குடி: அமெரிக்காவுக்குப் புதிதாகப் போயிருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

தருமபுரியில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓசூர், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள் இன்றும் எனக்கு வாட்ஸ்அப்பில் அழைக்கிறார்கள், எச்.ஐ.வி. மாத்திரையை அங்கே எப்படி வாங்குவது என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். குடியைப் பற்றியோ தூக்கம் வராததைப் பற்றியோ நானாகக் கேட்டால்தான் வாய் திறக்கிறார்கள்.

இங்கே எங்களிடம் வந்துகொண்டிருந்த வியாபாரி ஒருவர் ஞாயிறுதோறும் போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போவார். முப்பது மாத்திரைப் புட்டியை மாதக் கடைசியில் மேசையில் கவிழ்த்து எண்ணினால் நான்கு மிஞ்சும். அந்த மாதத்தில் ஞாயிறும் நான்குதான். கேட்டபோது, "குடிச்ச அன்னிக்கு மாத்திரை போட்டா ஈரல் போயிடும்னு சொன்னாங்க மேடம், அதான் உட்டுட்டேன்" என்றார். அது தவறு. குடித்த நாளிலும் மாத்திரையை விடக் கூடாது. ஆனால் அதைச் சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது என்பதை, அவர் மனைவி இறந்த பிறகுதான் சந்தையில் குடிக்கத் தொடங்கினார் என்று தெரிந்துகொண்ட அன்று புரிந்துகொண்டேன். துக்கத்தால் குடி வந்தது, குடியால் மாத்திரை தவறியது, மாத்திரை தவறியதால் வைரஸ் அளவு ஏறியது. நாங்களோ அவரை மாத்திரைக்கு, மனதுக்கு, குடிக்கு என்று மூன்று அறைகளுக்கு மூன்று வெவ்வேறு நாட்களில் வரச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவிலும் இந்த மூன்றும் நெடுங்காலமாகத் தனித்தனி நிதியில், தனித்தனிக் கட்டடங்களில் நடந்தவைதான். மொழியும் காப்பீடும் இல்லாத சிறுபான்மையினர் எதுவும் சரியாகக் கிடைக்காமல் விடுபட்டுப்போவதைக் கண்டுதான், மனநலத்துக்கும் போதைச் சிகிச்சைக்குமான சம்சா (SAMHSA) என்னும் கூட்டரசு அமைப்பு இவற்றை ஒன்றாக்கும் மையங்களுக்கு நிதி அளித்துவந்தது. ஆகவே அங்கே ஒரு மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தால் முதலில் கேட்க வேண்டியது, எச்.ஐ.வி., மனநலம், போதைச் சிகிச்சை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமா என்பதே. கம்யூனிட்டி ஹெல்த் சென்டர் எனப்படும் மையங்களில் கட்டணம் வருமானத்துக்கேற்பக் குறையும். வேறு வழியில் செலவு ஈடாகாதவர்களுக்கு, 1990இல் சட்டமான ரையன் வொயிட் திட்டம் எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் மருந்துக்கும் கைகொடுக்கிறது. விசா நிலையைப் பொறுத்து விதிகள் மாறுவதால், அங்குள்ள கேஸ் மேனேஜரிடம் (சிகிச்சையையும் உதவிகளையும் ஒருங்கிணைத்துத் தருபவர்) கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் நாட்டுக்குள் நுழையத் தடை விதித்திருந்த விதி 2010 ஜனவரி 4 அன்று நீங்கிவிட்டது. அந்தப் பயத்தில் மாத்திரையை வைட்டமின் புட்டிக்கு மாற்றிக்கொண்டு போகாதீர்கள். மூலப் புட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். வணிகப் பெயரை விட டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மருந்துப் பெயர்களே அங்கே உதவும். கடைசி வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) முடிவும் காசநோய்ச் சிகிச்சை விவரமும் கையில் இருக்கட்டும். மஞ்சள் காமாலை பி வகை (ஹெபடைடிஸ் பி) உங்களுக்கு இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மருந்துகள் அதையும் கட்டுப்படுத்துவதால், திடீரென நிறுத்தினால் கல்லீரல் நோய் சீறி எழும். கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் போதைப்பொருள், குடிப்பழக்கம் பற்றிய கேள்விகள் வரும். அதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

மொழிபெயர்க்க மைத்துனரையோ பிள்ளையையோ அழைத்துச் செல்ல வேண்டாம். அவர்கள் முன்னால் யாரும் உள்ளதைச் சொல்வதில்லை. கூட்டரசு நிதி பெறும் மருத்துவமனைகள் உரைபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவை. இந்தியர் என்றதும் இந்தி பேசுபவரை இணைத்துவிடுவார்கள் என்பதால், முன்பதிவின்போதே தமிழ் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்குள்ளேயே ரகசியம் உடையும் வழி. மனைவி கணவனின் காப்பீட்டில் இருந்தால், எந்த நாளில் எந்தச் சிகிச்சை பெற்றார் என்ற விவரத்தாள் கணவன் பெயருக்கே தபாலில் வரும். வேறு முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பும்படி காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம். அதை முதல் சிகிச்சைக்கு முன்பே செய்துவிடுங்கள். ஒரு தாளால் பிரிந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

தினமும் அளவுக்கு மீறிக் குடிப்பவர், புது ஊர் புது வாழ்க்கை என்று ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. காலையில் கை நடுங்கினாலோ முன்பு வலிப்பு வந்திருந்தாலோ மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 988ஐ அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். இங்கே ஊரிலுள்ள அப்பா அம்மாவுக்கு அதே நிலை என்றால் டெலி மனஸ் என்னும் மனநல உதவி எண் 14416.

முதல் சந்திப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால், புட்டியில் ஒரு மாத மாத்திரை மிச்சமிருக்கும்போதே நாள் வாங்கிவிடுங்கள். அங்கே தரும் படிவத்தில் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கும். அது சிகிச்சைக்கான தாள்; போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்குத் தனிக் கூட்டரசுப் பாதுகாப்பு விதியும் இருக்கிறது. 'எப்போதாவது' என்று எழுதாதீர்கள். ஞாயிறு என்றால் ஞாயிறு என்றே எழுதுங்கள்.