இலைக்கருகல் வருமுன் டிரைக்கோடெர்மா
பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்தால் நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் தலைகாட்டும். நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்து இறங்கிய பிறகு டிரைக்கோடெர்மா தேடி ஓடிப் பயனில்லை, அது முன்கூட்டியே பயிருக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்றுகிற பூஞ்சை.

90 கிலோ காய்ந்த சாணப்பொடி, 10 கிலோ வேப்பம்புண்ணாக்கு, 1 கிலோ டிரைக்கோடெர்மா. தண்ணீர் தெளித்துக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பச்சையாகப் படரும். கிளறி, ஈரம் தெளித்து, இன்னும் சில நாள் மூடிவைத்து, கடைசி உழவில் போடுங்கள்.

பாக்டீரியாவைக் கொல்ல வாய்க்காலில் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கட்டினால் இந்தப் பூஞ்சை எப்படிப் பிழைக்கும்? ஏதாவது ஒன்று போதும். சரி, நோய் வந்தேவிட்டதா, யூரியாவை நிறுத்துங்கள், அப்புறம் லிட்டருக்கு 20 கிராம் பச்சைச் சாணம் கரைத்து, தெளியவிட்டு, வடிகட்டி அடியுங்கள்.