பழைய சான் ஸ்டார்மில் செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

என் வண்டி சான் ஸ்டார்ம் என்ற கார். இரண்டே இருக்கை, ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் இன்ஜின். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கத் திருவாரூர் வீட்டுக் கீற்றுக் கொட்டகையில் நின்றது. தை மாதம் சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். மோட்டார் மட்டும் ‘உய்ங்’ என்று சுற்றி, இன்ஜின் அசையாவிட்டால் பல்சக்கரம் பிடிக்கவில்லை. ஒரே ‘டக்’ என்றால் சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வேலை செய்கிறது, ஆனால் மோட்டார் சுற்றும் அளவுக்கு மின்சாரம் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். நிறைந்த பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைச் சரிசெய்யுங்கள். டெஸ்ட் லாம்ப் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். விளக்கு எரியும், ஆனால் எத்தனை வோல்ட் குறைகிறது என்று அது சொல்லாது.

நான் தடுக்கி விழுந்தது அடுத்த கட்டத்தில்தான். மோட்டாரைக் கழற்றினேன், கார்பன் பிரஷ் மாற்றினேன், பம்ப்செட் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் புதிய புஷ் (மோட்டார் தண்டு சுழலும் உலோக வளையம்) கடைந்து போட்டேன். மாட்டினால் மறுபடியும் அதே ‘டக்’. பட்டறை அண்ணன், “மோட்டார் நல்லா சுத்துது தம்பி, வண்டியைப் பாருங்க” என்றார். பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயரை, இணைப்பு இருந்தால் ‘பீப்’ அடிக்கும் மீட்டர் சோதனையில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பீப் அடித்ததால் நல்லது என்று விட்டுவிட்டேன். அதுதான் தப்பு. ஒயரில் நாலு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ 100 ஆம்பியருக்கு மேல். அதை அந்த நாலு இழை தாங்காது.

ஆகவே மின்சாரம் ஓடும்போதே அளக்க வேண்டும். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டபடி இருக்கட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள். கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வேண்டாம். சிவப்பு முனையை மோட்டாரின் சுத்தமான உலோகத்தில் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எனக்கு 1.9 காட்டியது. அதே மாதிரி பிளஸ் கம்பத்திலிருந்து மோட்டாரின் தடித்த ஒயர் போல்ட் வரை 0.5-க்குள் இருக்க வேண்டும்.

ஃபைபர் பாடியில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். இரும்பு பாடி என்றால் வேறு சில போல்ட் வழியாகவும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப முயலும். ஃபைபரில் அந்த வழியே இல்லை. இன்ஜினும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. எர்த் ஒயர்தான் ஒரே பாதை. என் வண்டியில் அதன் பின்னல் செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

உறுதி செய்ய ஒரு வழி: ஜம்பர் கேபிளால் பேட்டரி மைனஸையும் இன்ஜின் பிளாக்கையும் நேராக இணைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனால் கோளாறு எர்த்தில்தான். புது ஒயருக்கு 25 சதுர மி.மீ. செம்பு எடுங்கள். பம்ப்செட் கேபிள் விற்கும் கடையிலேயே லக்கை (ஒயர் முனையில் போல்ட்டுக்கான உலோக வளையம்) அழுத்திப் பொருத்தித் தருவார்கள். ஈயம் வைத்து ஒட்டியதை நான் போடமாட்டேன். போல்ட் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் எடுக்கவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றலாம். பேட்டரி மைனஸை முதலில் எடுங்கள். பிரஷ் குட்டையாகிவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆர்மேச்சரில் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) பிரஷ் உரசும் செம்புப் பகுதிக்கு நைஸ் உப்புத்தாள் போதும். எமரி வேண்டாம், அதன் தூள் இடுக்கில் தங்கும். சில மோட்டார்களில் உள்ளே காயிலுக்குப் பதில் காந்தம் இருக்கும். அதைச் சுத்தியலால் தட்டினால் காந்தம் விரிசல் விட்டுவிடும்.

பின்சேர்க்கை: எல்லாம் மாற்றியும் ‘டக்’ கூட வரவில்லை என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் எழுதினார். சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரில், சாவி திருப்பியதும் 12-க்குப் பக்கத்தில் வோல்ட் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வரவில்லை. சம்பா அறுவடை முடிந்து வயலை விட்டு வந்த எலி, பாதி வழியில் ஒயரைக் கடித்திருந்தது. புது ஒயரை வெப்பம் தாங்கும் ஸ்லீவுக்குள் விட்டு இழுத்திருக்கிறார். என் வண்டிக்கும் அதையே வாங்கி வைத்திருக்கிறேன்.