ஆவி அடங்குவதற்குள்: ஷாங்காய் டம்ப்ளிங் கடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய மாவுத்தோலுக்குள் இறைச்சியும் சூப்புமாக மூங்கில் கூடையில் ஆவி பறக்க வந்து இறங்கும் டம்ப்ளிங்தான் ஷியாவ்லோங்பாவ். அதற்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். ஷாங்காயில் கூட்டம் நெரியும் டம்ப்ளிங் கடைகளின் நடைமுறைகள் பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. முதலில் பணம், பிறகு இடம், ஒரே மேசையில் முன்பின் தெரியாதவர்கள், சாப்பிட்டதும் எழுந்துபோகும் வேகம். இது புரியாமல், கடைக்காரர்கள் முகம்கொடுத்துப் பேசவில்லை என்று நொந்துகொள்ளும் பயணிகள் பலர். அந்த வருத்தத்தில் கூடையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நல்ல ஷியாவ்லோங்பாவ் ஆறிப்போய் வீணாவது எனக்குப் பொறுக்கமுடியாத ஒன்று.

முதலில் நேரம். சீனர்கள் மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே தொடங்கிவிடுவார்கள். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு. நம் வழக்கப்படி இரவு ஒன்பது மணிக்குப் போனால் பல கடைகளில் அடுப்பை அணைத்திருப்பார்கள். சின்னக் கடைகளில் அன்றைக்குப் பிசைந்த மாவும் பூரணமும் தீர்ந்தால் வியாபாரம் முடிந்தது. பதினொரு மணிக்கே போய்விடுவது நல்லது. கூட்டமும் குறைவு, எல்லா வகையும் கிடைக்கும்.

அடுத்தது, உள்ளே போனதும் காலி நாற்காலியில் உட்கார்ந்து யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருப்பது. பழைய பாணிக் கடைகளில் யாரும் வரமாட்டார்கள். வாசலருகே இருக்கும் கல்லாவில் சொல்லி, பணம் கட்டி, சீட்டு வாங்கிக்கொண்ட பிறகே இடம் தேட வேண்டும். நான்கு பேர் மேசையில் இரண்டு பேர் இருந்தால் மீதி இரண்டு இடம் உங்களுக்கு. அனுமதி கேட்டுத் தயங்கி நிற்க வேண்டாம், ஒரு தலையசைப்பு போதும். பெரிய உணவகங்களில் முறை வேறு. வாசலில் வரிசை எண் வாங்க வேண்டும், உணவை மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கேட்க வேண்டும். எண்ணை வாங்கிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றப் போய், கூப்பிட்டபோது இல்லாவிட்டால் மீண்டும் காத்திருக்க நேரும். பணமும் பெரும்பாலும் கைபேசியில்தான். 2023 முதல் வெளிநாட்டு வங்கி அட்டைகளை அலிபேயிலும் வீசாட்டிலும் இணைப்பது எளிதாகியிருக்கிறது. அதை விடுதி அறையிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கல்லாவில் நின்றுகொண்டு செயலியோடு போராடினால் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை.

வரிசையைக் கண்டதும் அதில் நின்றுவிடுவதும் தவறுதான். யூயுவான் தோட்டத்தை ஒட்டி, ஒன்பது திருப்பப் பாலத்தின் அருகே 1900ஆம் ஆண்டில் தொடங்கிய நான்ஷியாங் கடை இருக்கிறது. அங்கே கீழ்த்தளத்தில் நீளும் வரிசை நெடுங்காலமாகப் பார்சலுக்கானது. உட்கார்ந்து சாப்பிட மேல்தளம். விலை கூடுதல், காத்திருப்பும் தனி. எந்த ஊரிலும் வரிசையின் கடைசியில் சேருமுன் அது எதற்கான வரிசை என்று பார்த்துவிடுங்கள்.

கேட்கும்போது எடைக்கணக்கு குழப்பும். சுவரில் எழுதியிருக்கும் விலை பல கடைகளில் ஒரு லியாங்குக்கு, அதாவது 50 கிராமுக்கு. அந்த 50 கிராம், மேல்மாவின் எடை. பூரணம் அதில் சேராது. அடிப்பக்கம் மொறுமொறுவென வறுபட்ட ஷெங்ஜியான் ஒரு லியாங்குக்கு 4 வரும். தண்ணீரில் வேகவைக்கும் வட சீனப் பாணி டம்ப்ளிங்கான ஜியாவ்ஸி என்றால் ஐந்தாறு வரும். கூடை, தட்டு, லியாங் மூன்றும் ஒன்றே என்று எண்ணி ஆளுக்கு நான்கு லியாங் கேட்டுவிட்டுத் திணறுகிறவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்பது. ஒரே நேரத்தில் ஐந்து கூடைகள் வந்தால் முதலிரண்டு மட்டுமே சூடாக வயிற்றுக்குள் போகும். இரண்டு கேளுங்கள், முடியும் தறுவாயில் அடுத்த இரண்டு கேளுங்கள். ஷெங்ஜியான் மட்டும் விதிவிலக்கு. அகன்ற இரும்புத் தட்டில், மரமூடி போட்டு, ஒரு ஈடு முழுவதும் ஒன்றாக வேகும். ஒரு ஈடு தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே அதை மட்டும் வேண்டிய அளவு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சைவர்கள் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஷியாவ்லோங்பாவ் என்றாலே பன்றி இறைச்சி. நண்டு என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் பன்றி இறைச்சியோடு கலந்த நண்டுதான். பட்டியலில் முட்டைக்கோஸ், செலரி என்று காய்கறிப் பெயர் இருப்பதை நம்பிக் கேட்காதீர்கள். பெயர் காயினுடையது, பூரணத்தில் பாதி இறைச்சி. முட்டையும் பூண்டுத்தாளும் வைத்த ஜியாவ்ஸியிலும் பொடி உலர் இறால் சேர்க்கும் கடைகள் உண்டு. ஷெங்ஜியானுக்குத் துணையாகக் கிடைக்கும் கறிமசாலா சூப்பில் இருப்பது மாட்டிறைச்சி. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கண்ணில் படும் துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவார்கள். பன்றிக்கொழுப்பும் எலும்புச் சாறும் அப்படியே இருக்கும். முழுச் சைவம் வேண்டுவோர் 1922இல் தொடங்கிய கோங்தெலின் போன்ற பௌத்த மரக்கறி உணவகங்களுக்குப் போவது நல்லது. ஹலால் தேடுகிறவர்கள், அதைக் குறிக்கும் 清真 (சிங்ஜென்) என்ற சீன எழுத்துள்ள பலகையைப் பார்த்துப் போகலாம். அங்கே ஆட்டிறைச்சி ஜியாவ்ஸி அருமையாக இருக்கும்.

இனி கூடை வந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் கைபேசியை எடுத்துக் கோணம் பார்க்கிறார்கள். கொழுக்கட்டை ஆறினாலும் கொழுக்கட்டைதான், ஷியாவ்லோங்பாவ் அப்படியில்லை. பன்றித்தோலை நெடுநேரம் கொதிக்கவைத்து, அந்தச் சாறு ஆறிக் கூழ்போல் உறைந்ததும் நறுக்கி இறைச்சியோடு பிசைகிறார்கள். ஆவியில் அது உருகித்தான் உள்ளே சூப் ஆகிறது. ஆற ஆற அந்தச் சூப்பை மேல்தோல் உறிஞ்சிக்கொள்ளும், மடிப்புகள் காய்ந்து விறைக்கும், அடிப்பக்கம் கூடையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தூக்கினால் அடி கிழிந்து அத்தனை சூப்பும் கூடையிலேயே ஒழுகிவிடும். தைவானின் தின் தாய் ஃபுங் உணவகத்தில் 5 கிராம் மாவில் 16 கிராம் பூரணம் வைத்து 18 மடிப்பு மடிக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய தோல் அது.

குச்சிகளால் பக்கவாட்டில் கவ்வாதீர்கள். மடிப்புகள் சேரும் உச்சிக் குடுமியை மெல்லப் பிடித்து, சற்றே அசைத்து அடியை விடுவித்துத் தூக்குங்கள். நல்லதாக இருந்தால் அடிப்பக்கம் கனத்துத் தொங்கும், தோல் வழியே சூப் அசைவது தெரியும். கரண்டியில் இறக்கி, ஓரத்தில் சிறிதாகக் கடித்து ஆவியை வெளியேற்றி, முதலில் சூப்பை உறிஞ்சுங்கள். பிறகே மீதி. முழுதாக வாயில் போட்டால் நாக்கும் அண்ணமும் வெந்துவிடும், அன்றைய சாப்பாட்டின் ருசியே தெரியாது. ஷெங்ஜியான் இன்னும் ஆபத்தானது. தடித்த தோலுக்குள் சூடு அடைந்து கிடக்கும். அழுத்திக் கடித்தால் எதிரில் இருப்பவர் சட்டைவரை பீய்ச்சும்.

சோயா சாஸில் முக்கிக் குளிப்பாட்டுவதை விட்டுவிடுங்கள். ஷாங்காயில் தொட்டுக்கொள்ள ஜென்ஜியாங் கருப்பு வினிகரும் மெல்லியதாக அரிந்த இஞ்சியும்தான். பூரணத்தில் உப்பும் இனிப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. கொழுப்பின் கனத்தைக் குறைக்கப் புளிப்பு வேண்டும், அதற்குத்தான் வினிகர். முதல் ஒன்றை எதுவும் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஜியாவ்ஸி கடைகளில், வேகவைத்த கஞ்சித்தண்ணீரைக் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். கடைசியில் அதைக் குடிப்பது வட சீன வழக்கம். இதமாக இருக்கும்.

ஷியாவ்லோங்பாவைப் பார்சல் கட்டாதீர்கள். விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் உள்ளே சூப் இருக்காது. ஜியாவ்ஸி மீந்தால் மட்டும் எடுத்துப் போகலாம். மறுநாள் வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு அடிப்பக்கம் சிவக்க வறுத்தால் காலைச் சாப்பாடு ஆயிற்று.